திண்ணைப் பள்ளியும் கற்றற் குறைபாடும்

நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை உவமை கூறுகின்றது. நூல் கற்பித்தற்குரியரல்லாதார் வரிசையில் மந்தனையும் வைக்கின்றது. பவணந்தியார் கருதியது இலக்கணம் கேட்க வரும் மாணாக்கரையே; அரிச்சுவடி பயிலும் சிறாரை அன்று. ஆயினும் மந்தன் என்னும் சொல் ஏட்டளவில் நில்லாது, எழுத்துக்கூட்டத் தடுமாறும் சிறுவனுக்குப் பெயராயிற்று. கொள்வோனது கொள்ளுந்திறன் அறிந்தே ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என அப்பாயிரமே விதித்திருப்பது மறக்கப்பட்டது.

ஏட்டைவிடத் திண்ணைப் பள்ளியின் நடைமுறை இவ்வகையில் மேம்பட்டிருந்தது என்பது எம் கருத்து. மேல்மலையனூரை உள்ளிட்ட செஞ்சி வட்டாரம், 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரை தென்னார்க்காட்டைச் சார்ந்திருந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவரையும் காட்டுகின்றது. பயின்றோரை எண்ணிய அக்கணக்கு, தடுமாறி நின்றோரை எண்ணவில்லை. கற்பித்த முறையோ நன்கு அறியக்கிடக்கின்றது. சிறுவன் மணலில் விரலால் எழுத்தை வரைவான். வரையும்பொழுதே அதன் ஒலியை உரக்கச் சொல்லுவான். சட்டாம்பிள்ளை அருகிருந்து திருத்துவான். ஓரெழுத்து அமைந்த பின்னரே அடுத்த எழுத்து. பிரம்பும் கோதண்டமும் அங்கிருந்தன என்பதையும் மறைத்தலாகாது.

சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கென அமைந்த பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்த விழைந்தார். அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியர் அஃது இயலாதென்றார். பெல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே அவ்வகுப்பிற்கு ஆசிரியனாக்கினார், வகுப்பு தேறியது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இம்முறை ‘சென்னை முறை’ எனப் பரவிற்று. கற்க இயலாமை மாணவன்பாலதா, முறையின்பாலதா என்னும் வினா அவ்வகுப்பிலேயே எழுந்துவிட்டது.

குறைபாட்டை மருத்துவர் இனங்கண்டது பின்னரே. 1896-இல் பிரிங்கிள் மார்கன், கணக்கில் வல்லவனாயும் படிக்க இயலாதவனாயும் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுதும் வாய்மொழியாயின் அவனே பள்ளியில் முதல்வனாவான் என்றாராம் அவன் ஆசிரியர். அடுத்த நூற்றாண்டில் கிரேஸ் பெர்னால்டு என்னும் அமெரிக்க அம்மையார், சொல்லை விரலால் தடவிக்கொண்டே ஒலிக்கச் செய்து இத்தகையோர்க்குப் படிப்பு வரச்செய்தார். மணலில் நம் சிறார் செய்ததும் இதுவேயன்றோ!

இந்திய நாட்டின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தில் கற்றற் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டமே அதனைச் சேர்த்து, இளமையிலேயே கண்டறியுமாறு பணித்தது. கண்டறிவார் தமிழெழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன் எழுதப்பட்டுப் பின் ஒலிக்கின்றது. ஆங்கிலத்திற்கு அமைத்த சோதனை இவ்விடர்ப்பாட்டைக் காட்டாது. கதையைத் தெளிவாகச் சொல்லும் குழந்தை அதனையே படிக்குங்கால் ஓயாது தடுமாறின், அங்கே ஐயுறுதல் தகும். பேச்சில் ழகரம் திரிதலோ வடதமிழ்நாட்டு வட்டார வழக்கு. அதனைக் குறைபாடெனக் குறித்தல் பிழை. இவ்விரண்டையும் பிரித்தறியும் சோதனைகளை வகுக்கும் பணியில் மருத்துவரோடு தமிழ்த்துறையினரும் அமர்தல் வேண்டும்.