வெள்ளம் தாங்கும் நெல்

முழுவதும் நீரில் மூழ்கி இரண்டு வாரம் வரை கிடந்தாலும், தண்ணீர் வடிந்தபின் மறுபடி துளிர்க்கும் நெல் இரகங்கள் வெள்ளம் தாங்கும் நெல் எனப்படுகின்றன. 'சப்1' என்ற மரபுக்கூறைக் கொண்டிருப்பதால் சப்1 இரகங்கள் என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. புவி வெப்பமாவதால் பெருமழை கூடிவரும் தெற்காசியாவில், பள்ளக்கால் வயல்களுக்கு இவை காப்பாக உள்ளன.

தண்ணீரில் வளரும் பயிருக்கு வெள்ளத்தால் என்ன கேடு என்று தோன்றலாம். வேர் நீரில் நிற்பது வேறு, தலை மூழ்குவது வேறு. மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதன் தூண்டுதலால் பயிர் நீர்மட்டத்தை எட்டிப்பிடிக்க மளமளவென்று நீள்கிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்ததும் வெளிறித் தொய்ந்து சேற்றில் படுத்துவிடும். சப்1 கூறிலுள்ள சப்1ஏ என்ற மரபணு இந்த அவசரத்தைத் தடுக்கிறது. பயிர் வளராமல், சத்தைச் செலவழிக்காமல், மூச்சடக்கிக் காத்திருக்கிறது. ஆழ்நீர் நெல்லின் உத்தி இதற்கு நேர்மாறு: அது வெள்ளத்தோடு போட்டியிட்டு உயரும்.

இந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ இரகத்தில் இருந்தது. விளைச்சல் குறைவு என்பதால் உழவர் விரும்பாத நெல் அது. விதை மட்டும் பாதுகாக்கப்பட்டு வந்தது. 1996இல் கெனாங் ஷூவும் டேவிட் மெக்கிலும் சப்1 இருப்பது 9ஆம் குரோமோசோமில் என்று கண்டனர். 2006இல் சப்1ஏ மரபணு அடையாளம் காணப்பட்டது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், ஆந்திரத்தின் புகழ்பெற்ற சுவர்ணா இரகத்தில் சப்1ஐச் சேர்த்தது. மரபணு மாற்றம் அல்ல, மரபணுக் குறிப்பான்களின் துணையோடு திரும்பத் திரும்பச் செய்த கலப்புதான். சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. சமையலிலும் விளைச்சலிலும் பழைய சுவர்ணாவேதான். உமி மட்டும் பொன்னிறம் போய் வைக்கோல் நிறமானது.

ஒடிசாவில் நடந்த கள ஆய்வில், வயல் 10 நாள் மூழ்கியபோது சுவர்ணாவைவிட சுவர்ணா-சப்1 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. அங்கே தாழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர் கையில் இருப்பதால், பயனும் அவர்களுக்கே அதிகம்.

காவிரிப் படுகையில் சம்பாவுக்கு சிஆர் 1009 சப்1 விதைக்கப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் இளம்பயிர் மூழ்கினால் அது தாங்கும். பாதி மூழ்கிய நிலையில் வாரக்கணக்கில் நீர் தேங்கினாலோ, பூக்கும் பருவத்தில் வெள்ளம் வந்தாலோ சப்1 உதவாது. 2021 சனவரியில் பெய்ததுபோல் அறுப்புக்கு நிற்கும் கதிர் மேல் மழை விழுந்து சாய்த்தால், வடிகாலை வெட்டித் தண்ணீரை இறக்குவதுதான் வழி.