தொலைக்காட்சிப் பெட்டியும் தொலையியக்கியும்

பழம்பொருளைப் பேணுதல் என்றவுடன் நம் மனத்திலே தோன்றுவன கல்வெட்டும் செப்பேடும், ஏடும் நாணயமும், சிலையும் கலமுமே. நூறாண்டு நிறையாத ஒரு மின்கருவியையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்று கூறின் நகைப்பாரும் உளர். ஆயினும், கறையான் ஏட்டை அரிப்பதிலும் விரைவாக இக்கருவிகள் அழிந்து வருகின்றன. மரப்பெட்டி விறகாகின்றது, செம்புக் கம்பி உலைக்குச் செல்கின்றது, கண்ணாடிக் குழாய் குப்பையில் உடைகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே 1950களில் உருவான தொலைக்காட்சிப் பெட்டிகளையும், அவற்றைத் தூரத்திலிருந்து இயக்கிய முதற் கைக்கருவிகளையும் தேடிச் சேர்த்துச் செப்பஞ்செய்யும் அன்பர்கள் இன்று உளர். அவர்களுடைய பணி வெறும் பொழுதுபோக்கோ, வரலாற்றுத் தொண்டோ என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும். அதற்கு முன்னர் அக்கருவிகள் தோன்றிய வரலாற்றை ஒருவாறு நோக்குதல் வேண்டும்.

தொடாமலே ஒரு பொறியை ஏவவேண்டும் என்னும் எண்ணம் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. 1898ஆம் ஆண்டில் நிக்கொலா ரெஸ்லா என்பார் நியூ யோர்க் நகரிலே, மடிசன் ஸ்குவயர் கார்டன் மண்டபத்தில், நீரில் மிதந்த சிறு படகு ஒன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். பில்கோ நிறுவனத்தார் தமது 1939ஆம் ஆண்டு வானொலிப் பெட்டிகள் சிலவற்றோடு, தொலைபேசியிற் காணப்படுவது போன்ற சுழல்வட்டு அமைந்த கைப்பெட்டி ஒன்றை விற்றனர். அதற்கும் பெட்டிக்கும் இடையே கம்பித் தொடர்பு இருக்கவில்லை. எனினும், இல்லத்திலே தொலையியக்கி நிலைபெறுவதற்குத் தொலைக்காட்சியின் வருகையே காரணமாயிற்று.

சிக்காகோ நகரின் செனித் நிறுவனத் தலைவரான யூஜின் மக்டொனால்ட், நிகழ்ச்சிகளின் இடையே புகும் விளம்பரங்களை வெறுத்தவர். இருந்த இடத்திலிருந்தே விளம்பரத்தின் ஒலியை அடக்க ஒரு வழி வேண்டும் என்று தம் பொறியியலாளரை அவர் வற்புறுத்தினார். 1950ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்த தொலையியக்கியின் பெயர் ‘லேசி போன்ஸ்’. சோம்பேறி என்பதே அதன் பொருள். நீண்ட வடம் ஒன்று கையிலுள்ள பொத்தான்களையும் பெட்டியையும் இணைத்தது; பெட்டியினுள் இருந்த சிறு மோட்டர் அலைவரிசைக் குமிழைத் திருப்பியது. பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் அலைவரிசையை மாற்றவும் அதனால் முடிந்தது. ஆனால், கூடத்தின் நடுவே கிடந்த வடத்திலே பலர் கால் இடறினர். வடத்தை ஒழித்தல் அடுத்த தேவையாயிற்று.

அத்தேவையை முதலில் நிறைவேற்றியவர் யூஜின் பொல்லி. அவர் 1935ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பண்டசாலையிலே சிற்றூழியராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். 1955ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய ‘பிளாஷ்-மற்றிக்’ பச்சை நிறக் கைத்துப்பாக்கி போன்ற ஒரு மின்விளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் ஒளிமின்கலம் பதிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியின் ஒளியை ஒரு மூலையிற் பாய்ச்சினால் அலைவரிசைக் குமிழ் வலஞ்சுழியும். வேறொன்றிற் பாய்ச்சினால் இடஞ்சுழியும். ஏனைய இரண்டும் படத்தையும் ஒலியையும் ஆண்டன. கம்பியின்றித் தொலைக்காட்சியை ஆண்ட முதற் கருவி இதுவே. ஆனால், ஒளிமின்கலம் துப்பாக்கியின் ஒளியையும் ஞாயிற்றின் ஒளியையும் வேறு பிரித்து அறியவில்லை. யன்னல் வழியே வெயில் படும்போது ஏவுவார் இன்றியே குமிழ் சுழலத் தொடங்கியது. எந்த மூலைக்கு எந்தப் பணி என்பதை நினைவில் வைத்தலும் பலருக்கு அரிதாயிற்று.

மாற்றுவழி காணும் பணியில் முன்னின்றவர் றொபேட் அட்லர். வீயன்னாவிற் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலே 1937ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், நாற்சிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய பின்னர் நாட்டை நீங்கி, 1941ஆம் ஆண்டில் செனித் நிறுவனத்திற் சேர்ந்தார். வானொலி அலையைப் பயன்படுத்தலாமா என்று முதலில் ஆராயப்பட்டது. அது சுவரை ஊடுருவும். ஒருவர் தம் பொத்தானை அழுத்த அயல் வீட்டாரின் பெட்டியும் மாறும். செவிக்குக் கேட்கும் ஒலியைப் பயன்படுத்தின் வீட்டார் வெறுப்பர். ஆகவே மனிதச் செவிக்கு எட்டாத கழியொலியே தக்கது எனத் துணியப்பட்டது. அதனை மின்கலத்தைக் கொண்டு எழுப்பலாமே எனின், விற்பனைப் பகுதியினர் அதற்கு இணங்கவில்லை. மின்கலம் ஓய்ந்துவிட்டால் வாங்கியவர் தொலைக்காட்சிப் பெட்டியே பழுதாயிற்று என்று எண்ணுவர் என அவர்கள் அஞ்சினர். மின்கலம் இன்றி ஒலி எழுப்ப வேண்டும் என்னும் அந்நெருக்கடியிலிருந்தே 1956ஆம் ஆண்டின் ‘ஸ்பேஸ் கொமாண்ட்’ பிறந்தது.

அதன் அமைப்பின் எளிமை வியப்புக்குரியது. கைப்பெட்டியினுள் நான்கு அலுமினியக் கோல்கள் உள. பொத்தானை அழுத்தும்போது ஒரு சிறு சுத்தி விடுபட்டுக் கோலின் நுனியைத் தட்டும். அலுமினியக் கோலிலே ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 5,100 மீற்றர் செல்லும். கோலின் நீளம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீற்றர். ஒரு நுனியிலே தோன்றிய அதிர்வு மறுநுனிக்குச் சென்று மீளும் தூரம் 127 மில்லிமீற்றர். 5,100 மீற்றரை இத்தூரத்தால் வகுத்தால், வினாடிக்கு ஏறக்குறைய 40,000 அதிர்வுகள் என்னும் மீடிறன் கிடைக்கும். மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 20,000 ஆதலின் அவ்வொலி நமக்குக் கேளாது. நாம் கேட்பது சுத்தி தட்டும் ஓசை ஒன்றே. நான்கு கோல்களும் நீளத்திற் சிறிது வேறுபட்டமையால் அவற்றின் மீடிறன்களும் வேறுபட்டன. பெட்டியிலிருந்த ஒலிவாங்கி அவற்றைப் பெற, உள்ளமைந்த சுற்றுக்கள் இன்ன கட்டளை என்று பகுத்தறிந்தன. இதற்காக ஆறு வெற்றிடக் குழாய்கள் மேலதிகமாக வேண்டியிருந்தன. பெட்டியின் விலையும் ஏறக்குறைய 30 வீதம் உயர்ந்தது.

1960களின் தொடக்கத்திலே திரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறியது. மின்கலத்தால் இயங்கும் கைக்கருவிகள் கழியொலியை எழுப்பத் தொடங்கின. எந்த மின்கலத்துக்கு அஞ்சிக் கோலும் சுத்தியும் அமைக்கப்பட்டனவோ, அம்மின்கலமே மீண்டும் புகுந்தது. ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழியொலி முறை நிலைத்தது. அக்காலத்தில் அம்முறையில் இயங்கிய 90 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின. 1980களின் தொடக்கத்திற் செங்கீழ்க் கதிர் அதன் இடத்தைப் பெற்றது. செங்கீழ்க் கதிர் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒளியே. வெயிலிற் பிழைத்தது என்று கைவிடப்பட்ட பொல்லியின் வழிக்கே உலகம் வேறொரு வகையில் மீண்டது எனலாம். ஆயினும், தொலையியக்கியின் தந்தை என்னும் பட்டத்தைப் பலர் அட்லர் ஒருவருக்கே சூட்டினர். பொல்லி தம் மனவருத்தத்தை மறைக்கவில்லை. 1997ஆம் ஆண்டிலே இருவருக்கும் சேர்த்து எமி விருது வழங்கப்பட்டது. அட்லர் 2007ஆம் ஆண்டிலும் பொல்லி 2012ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இனி, இக்கருவிகளைச் செப்பஞ்செய்வாரின் பணியை நோக்குவோம். பழங்கருவியிற் காணப்படும் குறைகள் இருவகைப்படும். காலம் செல்லச் செல்ல வந்தவை மூப்புக் குறைகள். ஆக்கிய நாளிலேயே அதனுள் அமைந்தவை ஆக்கக் குறைகள். முன்னையவற்றை நீக்குதல் கடமை. பின்னையவற்றை நீக்குதல் பிழை. இவ்வேறுபாட்டை உணர்தலிலேயே செப்பஞ்செய்வோனின் அறிவு விளங்கும் என்பது எமது துணிபு.

மூப்புக் குறைகள் பல. மெழுகிட்ட தாளால் ஆகிய மின்னொடுக்கிகள், தொழிலாளர் கொண்டென்சர் என வழங்குபவை, ஈரத்தை ஏற்று மின்னைக் கசியவிடுகின்றன. மின்பகுபொருள் கொண்ட பெரிய ஒடுக்கிகள் உலர்ந்து போகின்றன. பல்லாண்டு உறங்கிய பெட்டியை நேரே மின்னோடு இணைப்பவன் அரிய நிலைமாற்றியையும் எரித்துவிடக்கூடும். எனவே, அனுபவம் உள்ளோர் முதலில் ஒடுக்கிகளைச் சோதித்து மாற்றிய பின்னரே, மாறும் நிலைமாற்றி ஒன்றின் துணையால் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவர். அடிச்சட்டமே மின்னோடு நேரே தொடர்புற்ற பெட்டிகளும் உண்டு. தனிப்படுத்தும் நிலைமாற்றி இன்றி அவற்றைத் தொடுதல் உயிருக்கு இறுதியாகும். படக்குழாயிற் பாயும் அழுத்தம் 10,000 வோற்றுக்கு மேற்பட்டது. பெட்டியை நிறுத்திய பின்னரும் அக்குழாயில் ஏற்றம் தங்கியிருக்கும். உள்ளே வெற்றிடமாதலின், அடிபட்டால் அது உள்நோக்கி நொருங்கிக் கண்ணாடியைச் சிதறும். இத்துறையில் அச்சமும் ஒரு கல்வியே.

ஒடுக்கியை மாற்றும்போது பழைய உறையை எறியாது, அதன் உள்ளீட்டை அகற்றிப் புதியதை உள்ளே வைத்து மூடுவாரும் உளர். பெட்டி இயங்கும், அதன் தோற்றமும் மாறாது. ஆனால், பின்வருவோர் மயங்காதிருக்கும் பொருட்டு, இன்ன உறுப்பு இன்ன ஆண்டில் மாற்றப்பட்டது என ஒரு குறிப்பெழுதி உள்ளே வைத்தல் வேண்டும். சிதைந்த பாடத்தைத் தம் கருத்தால் நிரப்பிய பதிப்பாசிரியர் அதனை அடைப்புக் குறிக்குள் இடுதல் போன்றது இது.

ஆக்கக் குறைகளோ வேறு வகையின. பிளாஷ்-மற்றிக் பெட்டி ஒன்றைச் செப்பஞ்செய்பவர், வெயிலிலே தானே சுழலும் அதன் இயல்பைக் கண்டு, இக்காலச் சுற்று ஒன்றை இணைத்து அதனைத் திருத்திவிடலாம். பெட்டி நன்றாக இயங்கும். ஆனால், அது பொய்ச்சாட்சி சொல்லும். வெயிலிற் பிழைத்தமையே அடுத்த ஆண்டில் கழியொலியைத் தேடச் செய்த காரணம். அப்பிழையை அழித்தவர் அக்காரணத்தையே அழித்தவராவார். அவ்வாறே ஸ்பேஸ் கொமாண்ட் பெட்டியின் முன்னே திறப்புக் கோர்வையைக் குலுக்கினால் அலைவரிசை மாறுவதும் உண்டு. உலோகம் உராயும் ஓசையிற் கழியொலியும் கலந்திருப்பதே காரணம். அதனையும் அவ்வாறே விடுதல் தகும். கோல்களைக் கையாளுதலில் மேலும் விழிப்பு வேண்டும். கோல் அதிரும்போது அதன் நடுவிடம் அசையாது; ஆகவே அங்கேதான் அதனைப் பற்றல் வேண்டும். பளபளப்பாக்கும் ஆசையால் நுனியில் ஒரு மில்லிமீற்றர் அராவினால் மீடிறன் ஏறக்குறைய 600 உயரும். கோல் ஒளிரும், கட்டளை விளங்காது போகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கைக்கருவியும் பெட்டியும் இரண்டல்ல. அவை ஒரே பொறியின் இரு பாதிகள். கைக்கருவி சிறிதாதலின் எளிதிற் சேர்க்கப்படுகின்றது. பெட்டி பெரிதாதலின் எறியப்படுகின்றது. பெட்டியைப் பிரிந்த பச்சைத் துப்பாக்கி கண்ணாடிப் பேழையிலே அழகாக இருக்கலாம். ஆனால், அது ஏன் வந்தது, ஏன் மறைந்தது என்பதைக் கூறும் வலிமை அதற்கு இல்லை. இரு பாதிகளையும் சேர்த்துக் காப்பவரே வரலாற்றைக் காப்பவர். ஒகாயோ மாநிலத்தின் ஹில்லியார்ட் நகரில் ஆதித் தொலைக்காட்சிக்கென்றே ஒரு நூதனசாலை அமைந்திருத்தல், தனியார் சேகரிப்பு பொதுக் கல்வியாக வளரலாம் என்பதற்குச் சான்றாகும்.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாளோடு ஐக்கிய அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தின. அதன்பின், செப்பஞ்செய்த பெட்டிக்கு அதன் உடைமையாளரே சிறு கருவி ஒன்றின் வழியாகப் படத்தை ஊட்டுகின்றார். பொத்தானை அழுத்தினால் சுத்தி தட்டுகின்றது, கோல் அதிர்கின்றது, மோட்டர் சுழல்கின்றது, குமிழ் அடுத்த அலைவரிசைக்குத் தாவுகின்றது. அங்கே வெண்புள்ளிகளும் இரைச்சலுமே உள. கட்டளை நிறைவேறியது; காட்டுதற்குப் பொருள் இல்லை. எனினும், அந்நிலையிலும் அப்பெட்டி ஒன்றை உண்மையாகக் கூறுகின்றது. மனிதன் எங்கே இடறினான், எதற்கு அஞ்சினான், அவ்விடறலிலிருந்து எவ்வாறு எழுந்தான் என்பதே அது. வெற்றிகளை நூல்கள் கூறும். இடறல்களைக் கூறுவதற்குப் பொருள்களே எஞ்சுகின்றன. அவற்றைப் பிழையோடு பேணுவோரின் பணி வரலாற்றுத் தொண்டே என்க.