அலபாமாவில் உதிர்ந்த விண்மீன்கள்

மென்மையான காதற் பாட்டுக்கும் மக்கள் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்கள் முன் ஓர் இசைத்தட்டை வைக்க விரும்புகிறேன்.

1956 ஓகஸ்ட் 16ஆம் நாள் ஹொலிவூட்டில் எலா பிற்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் சேர்ந்து பாடிப் பதிவுசெய்த 11 ஜாஸ் பாடல்கள் அத்தட்டில் உள்ளன. ஒஸ்கார் பீற்றர்சனின் பியானோவும் வேறு மூன்று வாத்தியங்களுமே பக்கத்துணை. பாடல்களுள் ஒன்று, 1934இல் வெளிவந்த 'அலபாமாவில் விண்மீன்கள் உதிர்ந்தன' என்பது. 1833இல் அம்மாநிலத்து வானிற் பொழிந்த எரிமீன் மழையின் நினைவு அப்பெயரில் உறைந்துள்ளது. அம்மழையை அண்ணாந்து பார்த்த கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் அன்று அடிமைகள்.

பாடியோர் யாவர்? ஆம்ஸ்ட்ரோங், நியூ ஓர்லியன்ஸ் நகரின் வறுமையிற் பிறந்து, சிறுவர் சீர்திருத்த இல்லத்திற் கொர்னெற் பயின்றவர். எலா, தாயை இழந்து, வீடின்றி அலைந்து, 1934இல் ஹார்லெம் அப்பலோ அரங்கின் போட்டியில் வென்று மேடையேறியவர். புகழும் அவரைக் காக்கவில்லை. 1955 ஒக்ரோபரில், ஹியூஸ்ரன் நகர நிகழ்ச்சியிற் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து இருத்த அமைப்பாளர் நோர்மன் கிரான்ஸ் மறுத்தார். அன்றிரவே ஒப்பனை அறையுட் புகுந்த பொலிஸார், சூதாட்டக் குற்றஞ்சாட்டி எலாவையும் கைதுசெய்தனர்.

இப்பாட்டுப் பதிவான நாளில், அதே அலபாமாவின் தலைநகர் மொன்கொமரியிற் கறுப்பின மக்கள் ஒன்பதாவது மாதமாகப் பஸ்களைப் பகிஷ்கரித்து, வேலைக்கு நடந்துகொண்டிருந்தனர்!

பாட்டில் இவை எவையும் இல்லை. எலாவின் குரல் தெளிந்த ஊற்றுநீர். லூயியின் குரல் கூழாங்கற்களிடை உருளும் ஓடை. ஒன்று மற்றொன்றை அமிழ்த்த முனையவில்லை. ஒருவர் பாட, மற்றவர் காத்திருந்து, பின் அருகில் வந்து சேர்கிறார். கறுப்பரின் உழைப்பை மட்டுமே வேண்டி, அவர்தம் உள்ளத்தை ஏற்க மறுத்த சமுதாயத்தில், அலபாமாவின் இரவு வானத்தைத் தமதென்று இருவர் அமைதியாகப் பாடுவது சிறு செயலன்று.

வெள்ளையரை மகிழ்விக்கச் சிரிப்பவர் என்று ஆம்ஸ்ட்ரோங்கைப் பழித்தோர் இருந்தனர். 1957இல் லிற்றில் றொக்கில் ஒன்பது கறுப்பின மாணவர் பாடசாலை வாயிலில் தடுக்கப்பட்டபோது, ஜனாதிபதி ஐசன்ஹவரை வெளிப்படையாகக் கண்டித்து, அரசாங்கம் ஏற்பாடு செய்த சோவியத் பயணத்தையும் உதறியவர் அவரே.

கோஷம் மட்டுமே மக்கள் கலை என்று கொள்ளும் நண்பர்களே, மொன்கொமரி மக்கள் எதற்காக நடந்தார்கள்? பஸ்ஸில் ஓர் இருக்கைக்காக மட்டுமா? அச்சமின்றி அன்பு செய்து, விண்மீன்களை நோக்கியிருக்கும் ஓர் இரவுக்காகவும் அல்லவா?