பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள்: ஆங்கில இளையோர் நாவலில் அமானுஷ்ய ஆற்றலின் வரலாறு

பதின்வயதினருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அமானுஷ்ய நாவல்களைக் கால வரிசையில் படித்துவந்தால், ஆற்றல்கள் பெரிதாக மாறவில்லை என்பது தெரியும். பிறர் மனத்தைப் படிப்பது, தொடாமலே பொருளை நகர்த்துவது, பார்வையால் தீமூட்டுவது, வரப்போவதை முன்கூட்டிக் காண்பது, இறந்தவரோடு பேசுவது என எண்பது ஆண்டுகளாக ஏறக்குறைய இதே பட்டியல்தான். மாறிவந்தவை வேறு இரண்டு: அந்த ஆற்றல் பிள்ளைக்கு எப்படி வாய்த்தது, அதைச் சோதித்துப் பார்க்க வரும் பெரியவர் யார். இக்கட்டுரை அந்தப் பெரியவரைப் பின்தொடர்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து கதைக்குள் வந்த ஒரு கருத்து, காலப்போக்கில் அந்த ஆய்வுக்கூடத்தையே கதையின் வில்லனாக்கிவிட்டது என்பது என் வாதம்.

ஆய்வுக்கூடம் என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930களில் நடத்திய சோதனைகள் பிரபலமானவை. வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள், குறிக்கு ஐந்தாக மொத்தம் 25 சீட்டுகள். முகம் தெரியாத சீட்டில் இருப்பது எது என்று சோதனைக்கு வந்தவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக அமையும். அதற்கு மேல் தொடர்ந்து கிடைத்தால் அது புலன்கடந்த அறிவு என்றார் ரைன். 1934இல் வெளியான அவருடைய நூல் அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டது. வேறு இடங்களில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்த முடிவுகள் கிடைக்கவில்லை, முறையிலிருந்த ஓட்டைகளும் வெளியே வந்தன. இன்றைய அறிவியல் அதை ஏற்பதில்லை. ஆனால் இலக்கிய வரலாற்றுக்கு அது பொருட்டல்ல. ஆவியும் சூனியமும் இருந்த இடத்தில் சீட்டும் சதவீதமும் மதிப்பெண்ணும் வந்து அமர்ந்ததுதான் இங்கே முக்கியம். சீட்டைப் பிடித்தவர் பேராசிரியர், ஊகித்துச் சொன்னவர்களில் பலர் அவருடைய மாணவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரியவர் கேட்க இளையவர் பதில் சொல்லும் இந்த அமைப்பு பிற்கால நாவல்களுக்கு அப்படியே கைமாறியது.

கைமாற்றியவர்களில் முதன்மையானவர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல். டியூக்கில் இயற்பியல் படித்த இவர் 1937இன் இறுதியில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியரானார். ஏ. இ. வான் வோக்ட்டின் ‘ஸ்லான்’ 1940 செப்டம்பர் முதல் டிசம்பர்வரை இந்த இதழில்தான் தொடராக வந்தது. நாயகன் ஜாமி கிராஸுக்குத் தொடக்கத்தில் ஒன்பது வயது. மனத்தைப் படிக்கும் இனத்தில் பிறந்ததாலேயே அவன் தாய் தெருவில் கொல்லப்படுகிறாள்; அவன் தப்பி ஓடி ஒளிகிறான். இது இளையோருக்கென்று எழுதப்பட்ட நாவல் அல்ல, அப்படி ஒரு வகையே அன்று கிடையாது. ஆனாலும் அந்த இதழின் பதின்வயது வாசகர்கள் ஜாமியில் தங்களைக் கண்டார்கள், ரசிகர்களே ஸ்லான்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் யாருடனும் ஒட்டாத, புத்தகம் படிக்கிற பையனுக்கு ‘உன்னை வெறுக்கிறார்கள் என்றால் நீ அவர்களைவிட மேலானவன்’ என்று ஒரு கதை சொன்னால் அவன் நம்பாமல் என்ன செய்வான்? அந்த ஆறுதலில் ஆபத்தும் இருந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு ஆற்றலின் பிறப்பிடம் அணுவாயிற்று. வில்மர் ஷிராஸின் ‘இன் ஹைடிங்’ என்ற கதை 1948இல் அதே இதழில் வந்தது. அணு ஆலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்குப் பிறந்த 13 வயதுச் சிறுவன், தன் அபார அறிவை மறைத்துக்கொண்டு சராசரி மாணவனாக நடிக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பவர் ஒரு மனநல மருத்துவர், அதுவும் நல்லவர். பின்னர் அவனைப் போன்ற மற்றப் பிள்ளைகளையும் தேடிச் சேர்த்து ஒரு பள்ளி தொடங்குகிறார்கள். கதைகள் 1953இல் ‘சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்’ என்று நூலாயின. பத்தாண்டுகள் கழித்து, 1963இல், ஸ்டான் லீயும் ஜாக் கெர்பியும் ‘எக்ஸ்-மென்’ படக்கதையில் பேராசிரியர் சேவியரின் பள்ளியைத் திறந்தபோது இந்த அமைப்பு உலகறிந்ததாயிற்று.

இந்தக் காலத்தில் சோதிப்பவர்மேல் நம்பிக்கை இருந்தது. ஜென்னா ஹெண்டர்சனின் ‘பீப்பிள்’ கதைகளில் இது இன்னும் தெளிவு. அரிசோனாவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் அடைத்துவைக்கப்பட்ட முகாமிலும் பாடம் நடத்தியிருக்கிறார். வேற்றுலகிலிருந்து வந்து மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழும் மக்களின் பிள்ளைகள் காற்றில் மிதப்பதை ‘அராரத்’ (1952) தொடங்கிப் பல கதைகளில் எழுதினார். அவற்றில் உண்மையைக் கண்டுகொள்வது பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியைதான். பயந்துபோய்க் கால்களைத் தரையிலேயே வைத்து நடக்கும் பிள்ளைகளை அவர் எங்கே பார்த்திருப்பார் என்ற கேள்விக்கு அந்த முகாம் ஒரு பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, ஆனாலும் அந்தக் கதைகளை வேறு விதமாக என்னால் படிக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஜான் விண்டம் எழுதிய ‘தி கிரிசலிட்ஸ்’ (1955) இந்த மரபின் மிகச் சிறந்த நூல், மிகச் சங்கடமான நூலும் அதுவே. அணுப்போருக்குப் பல தலைமுறைகள் கழிந்த லாப்ரடோர். பயிரோ கன்றோ குழந்தையோ இலக்கணத்திலிருந்து சற்றே பிசகினாலும் தெய்வ விரோதம் என்று அழிக்கப்படும் சமூகம். அதன் தீவிர பக்தர்களில் ஒருவரின் மகன் டேவிட். அவனுடைய தோழி சோஃபிக்குக் காலில் ஆறு விரல். அவனுக்கோ சில பிள்ளைகளோடு மனத்தாலேயே பேச வரும். ஆறாம் விரல் கண்ணுக்குத் தெரியும், டெலிபதி தெரியாது. நாவலின் கூர்மையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது: வெளியே தெரியாத பிழையோடு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பயம். முடிவில் தொலைதூரச் சீலாந்திலிருந்து பறந்துவரும் பெண் அவர்களை மீட்கிறாள். மீட்கும்போது துரத்திவந்தவர்களையும் எல்லைப்புற மக்களையும் சேர்த்தே கொல்கிறாள். உயர்ந்த இனம் தாழ்ந்ததை அகற்றுவது இயற்கை என்று அமைதியாக விளக்கமும் சொல்கிறாள். ‘ஸ்லான்’ தந்த ஆறுதலின் மறுபக்கம் இதுதான். விண்டம் இதைக் கண்டிக்கிறாரா ஆமோதிக்கிறாரா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பல நாடுகளின் பள்ளிகளில் இது பாடநூலாக நீடிப்பதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்பேன்.

இதற்கிடையில் வாசகர் வட்டம் தனி வகையாகத் திரண்டது. அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இளையோர் சேவைக்குத் தனிப் பிரிவை அமைத்தது, எஸ். இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வந்து, பதின்வயதினருக்கான யதார்த்த நாவலுக்குச் சந்தை உண்டு என்று காட்டியது. அடுத்த ஆண்டே அலெக்சாண்டர் கீயின் ‘எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்’. அதில் ஆற்றலுள்ள இரு அனாதைப் பிள்ளைகள் தங்களை உரிமை கொண்டாடும் பெரியவரிடமிருந்து ஓடுகிறார்கள். ஷிராஸின் காலத்து நல்ல மருத்துவர் மறையத் தொடங்கிவிட்டார்.

பதின்வயதையும் ஆற்றலையும் முடிச்சுப் போட்டதில் இன்னொரு ஆய்வு மரபுக்குப் பங்குண்டு. 1958இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டிலுள்ள சீஃபோர்டு என்ற ஊரில் ஒரு வீட்டில் பாட்டில்களின் மூடிகள் தாமாகத் திறப்பதாகவும் பொருள்கள் பறப்பதாகவும் பேச்சு எழுந்தபோது, ரைனின் கூடத்திலிருந்து கெய்தர் பிராட்டும் வில்லியம் ரோலும் அங்கே போனார்கள். பேய் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டிலிருந்த 12 வயதுச் சிறுவனைச் சுற்றியே இவை நடப்பதாகக் கருதி, மனத்தின் தன்னிச்சையான இயக்க ஆற்றல் என்று பெயரிட்டார்கள். வளரும் பிள்ளையின் அடக்கிய கோபமே வெளியே வெடிக்கிறது என்ற எண்ணம் இப்படிப் பரவியது. ஸ்டீபன் கிங்கின் முதலில் வெளியான நாவல் ‘கேரி’ (1974) இதை நேராக எடுத்துக்கொண்டது: 16 வயதில் தாமதமாக வரும் முதல் மாதவிடாய், அதைக் கேலி செய்யும் சக மாணவிகள், மதவெறி பிடித்த தாய், கடைசியில் எரியும் ஊர். நூலின் அமைப்பு இன்னும் கவனிக்கத்தக்கது. விசாரணைக் குழு அறிக்கை, ஆய்வு நூலின் பகுதிகள், செய்தித் துணுக்குகள் எனக் கதை துண்டுதுண்டாக வருகிறது. அறிவியல் வந்து சேர்வதற்குள் கேரி செத்துப்போயிருக்கிறாள். அவள் உயிரோடு இருந்தபோது அவளைச் சோதிக்க யாரும் வரவில்லை.

1970களின் நடுவில், சி.ஐ.ஏ. மக்களுக்குத் தெரியாமல் அவர்கள்மேல் போதை மருந்துச் சோதனைகள் நடத்தியது அம்பலமானது. 1977இல் செனட் விசாரணையும் நடந்தது. இதன் நிழல் 1980இல் வந்த இரண்டு நூல்களில் விழுந்திருக்கிறது. கிங்கின் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ நாவலில் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது ஒரு ரகசிய மருந்து ஏற்றப்பட்ட தம்பதிக்குத் தீமூட்டும் பெண் பிறக்கிறாள். அரசின் ரகசிய அமைப்பு துரத்துகிறது. வில்லோ டேவிஸ் ராபர்ட்ஸ் சிறுவர்களுக்காக எழுதிய ‘தி கேர்ள் வித் தி சில்வர் ஐஸ்’ நூலிலும் காரணம் மருந்துதான். கருவுற்றிருந்த காலத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் பிள்ளைகள் வெள்ளிக் கண்களோடு பிறக்கிறார்கள். கருவிலிருந்த பிள்ளைகளைப் பாதித்த தாலிடோமைடு மருந்தின் நினைவு அன்று எந்தத் தாய்க்கும் மறந்திருக்காது. இரண்டிலும் குழந்தை ஒரு தயாரிப்பு. ஆனால் கேட்டி என்ற அந்தச் சிறுமி அரசோடு போராடவில்லை, தன்னைப் போன்ற மற்ற மூவரைத் தொலைபேசிப் புத்தகம் புரட்டித் தேடுகிறாள். எனக்கு ராபர்ட்ஸின் நூல்தான் பிடித்தது.

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒருவர் வர்ஜீனியா ஹாமில்டன். நியூபெரி விருது பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க எழுத்தாளர். 1978இல் ‘ஜஸ்டிஸ் அண்ட் ஹெர் பிரதர்ஸ்’, 1980இல் ‘டஸ்ட்லாண்ட்’, 1981இல் ‘தி கேதரிங்’ என்று மூன்று நூல்கள் எழுதினார். ஓஹையோவில் ஒரு கோடை. 11 வயது ஜஸ்டிஸ், அவளுடைய இரட்டை அண்ணன்கள். அம்மா கல்லூரிக்குப் போய்விட, அண்ணன்களில் ஒருவன் மற்றவனின் மனத்துக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறான். இங்கே மருந்தும் இல்லை, அணுவும் இல்லை, அரசும் இல்லை. ஜஸ்டிஸுக்குக் கற்றுக்கொடுப்பவர் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணி. சோதிப்பவர் இல்லாமலேயே அமானுஷ்ய நாவல் எழுத முடியும் என்பதற்கு இது அன்றே சான்றாக இருந்தது. சந்தை அதைப் பின்பற்றவில்லை.

சந்தை பின்பற்றியது மர்மத்தை. லோயிஸ் டங்கன் ‘எ கிஃப்ட் ஆஃப் மேஜிக்’ (1971), ‘ஸ்ட்ரேஞ்சர் வித் மை ஃபேஸ்’ (1981) முதலியவற்றால் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர். 1995இல் இவர் சீஃபோர்டு வீட்டுக்குப் போன அதே வில்லியம் ரோலுடன் சேர்ந்து, பாராசைக்காலஜி பற்றி இளையோருக்கு ஒரு நூல் எழுதினார். ஆய்வுக்கூடமும் நாவலும் நேரடியாகக் கைகோத்த அரிய தருணம் அது. அதே ஆண்டில்தான் அமெரிக்க உளவுத்துறையின் ‘ஸ்டார்கேட்’ என்ற தொலைப்பார்வை ஆய்வுத் திட்டம், அதாவது மனத்தாலேயே தூரத்து இடங்களைப் பார்க்க முயன்ற திட்டம், பயனில்லை என்று மூடப்பட்டது. எல். ஜே. ஸ்மித்தின் ‘டார்க் விஷன்ஸ்’ மூன்று பாகங்களும் 1994–95இல் வந்தவை. ஆற்றலுள்ள ஐந்து பதின்வயதினரைக் கல்லூரி உதவித்தொகை காட்டிக் கலிஃபோர்னியாவின் ஓர் ஆய்வு நிறுவனம் அழைக்கிறது. அதன் தலைவர் அவர்களை ஆயுதமாக்கப் பார்க்கிறார். ரைனின் காலத்துப் பேராசிரியர் இப்போது முழு வில்லன்.

2005இல் ‘ட்வைலைட்’ என்ற இளையோர் காதல் நாவல் வந்தபின் அமெரிக்கப் புத்தகக் கடைகளில் இளையோர் அமானுஷ்யக் காதலுக்கென்றே தனி அலமாரிகள் தோன்றின. அந்த அலையில் வந்தவற்றில் பெரும்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கெல்லி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ‘தி சம்மனிங்’ (2008) விலக்கு. உளவியல் படித்த கனடிய எழுத்தாளர் இவர். 15 வயது குளோயி சாண்டர்ஸ் பள்ளியில் ஓர் ஆவியைப் பார்க்கிறாள். யாரும் நம்பவில்லை. மனச்சிதைவு நோய் என்று சொல்லி லைல் ஹவுஸ் என்ற இல்லத்தில் சேர்க்கிறார்கள். அங்கே சிகிச்சை அறை, மாத்திரை, அட்டவணை, அன்பாகப் பேசும் செவிலியர் எல்லாம் உண்டு. நோய் உண்மையா ஆற்றல் உண்மையா என்று குளோயிக்கே தெரியாத அந்த முதல் பாதிதான் நூலின் பலம். மாத்திரையை விழுங்குவதா துப்புவதா என்பது இங்கே வெறும் தந்திரமல்ல, தான் யார் என்ற முடிவு. பின்னர் இவர்கள் அனைவரும் ஒரு மரபணுச் சோதனையில் உருவானவர்கள் என்று தெரியவரும்போது கதை பழகிய தடத்துக்கு வந்துவிடுகிறது. அலெக்சாண்ட்ரா பிராக்கனின் ‘தி டார்க்கஸ்ட் மைண்ட்ஸ்’ (2012) அடுத்த படிக்குப் போயிற்று. கொள்ளைநோயில் பிழைத்த பிள்ளைகளைப் பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து நிறங்களாகப் பிரித்து அரசே முகாம்களில் அடைக்கிறது. ரூபி பத்து வயதில் உள்ளே போகிறாள், ஆரஞ்சாக இருந்தும் பச்சை என்று நம்பவைத்து உயிர் பிழைக்கிறாள். ஜாமி கிராஸின் ஒளிவு இங்கே அரசுப் பதிவேட்டுக்கு எதிரான ஒளிவாகிவிட்டது.

அதற்கு ஓராண்டு முன்பே, 2011இல், நெடி ஒகோராஃபோரின் ‘அகாட்டா விட்ச்’ வந்திருந்தது. இடம் நைஜீரியா. 12 வயது சன்னிக்குப் பிறவியிலேயே நிறமி இல்லை, வெயிலில் பந்து விளையாட முடியாது. அவளுடைய தோழன் ஒர்லுவுக்கு எழுத்துகள் குழம்பும். வெளியுலகம் குறை என்று குறித்துவைத்திருக்கும் இவையே அவர்களின் ஆற்றல்களுக்கு அடையாளம்: சன்னியால் கண்ணுக்குத் தெரியாமல் மறைய முடியும், ஒர்லுவால் பிறர் செய்த மந்திரத்தை அவிழ்க்க முடியும். ஆசிரியர்கள் உண்டு, தண்டனையும் உண்டு, ஆனால் பரிசோதனைக் கூடம் கிடையாது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் மேலிருந்து காசு விழும். ஹாமில்டனின் ஓஹையோவுக்கு அடுத்த வாரிசாக இந்த நூலைத்தான் வைக்க வேண்டும். குளோயிக்கு லைல் ஹவுஸில் ஒட்டப்பட்ட நோய்ச் சீட்டை ஒகோராஃபோர் திருப்பிப் பார்த்திருக்கிறார்.