வயாவும் வாந்தியும்

கருவுற்ற மகளிர்க்கு முதற் சில திங்களில் உண்டாகும் குமட்டலையும் வாந்தியையும் இன்று மசக்கை என்கிறோம். பண்டைத் தமிழர் கருவுற்றார் நிலையை வயா, வயவு என்னும் சொற்களாற் குறித்தனர். வயா என்பது மிக்க விருப்பத்தை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியலாற் பெறப்படும். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய புறநானூற்று 20-ஆம் பாட்டு, அவன் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளார் எனப் புகழ்கின்றது. எனவே, இச்சொல்லால் முன்னோர் சுட்டியது உணவின்மேற் செல்லும் வெறுப்பன்று. விருப்பமே என்பது தெளிவு.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப்புறம் இச்சொல்லை ஆராய்வார்க்கு ஏற்ற நிலம். தமிழின் வில், வேர் என்பன கன்னடத்தில் பில், பேர் என வழங்குமாறு போல, வயா என்பதற்கு இனமாய்ப் பயகெ என்னும் சொல் அங்கு உண்டு. அதுவும் விருப்பத்தையும் கருவுற்றாள் வேட்கையையும் குறிக்கும். தெலுங்கு வேவிள்ளு என்பதோ குமட்டலையும் உளப்படுத்தும்.

இச்சொற்கள் கருவுற்றார் அனைவர்க்கும் பொது. அதனாலேயே ஓர் இடர் விளைகின்றது. நூற்றுவருள் ஏறத்தாழ மூவர்க்கு மேற்படாத சிலர்க்கு வாந்தி கடுநோயாக முற்றும். உடல் நீர் வற்றும், எடை குறையும், தயாமின் என்னும் உயிர்ச்சத்துக் குன்றின் மூளையும் ஊறுபடும். இதனையும் 'மசக்கைதானே' எனத் தள்ளுவது பெருந்தவறு.

மருத்துவ உலகமும் இதிற் பிழைபடாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருவை மனத்தால் வெறுப்பதே காரணம் என மேனாட்டார் சிலர் கூறினர். நோயுற்றாள்மேலேயே பழி சுமத்திய அக்கொள்கை இன்று வீழ்ந்தது. 1957-இல் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு குமட்டலுக்கும் உண்ணப்பெற்றது. குழந்தைகள் கைகால் குறையுடன் பிறத்தற்கு அதுவே காரணம் என்பது புலப்பட, 1961-இல் அந்நாட்டில் விலக்கப்பட்டது.

உண்மைக் காரணத்தை அண்மை ஆய்வுகள் விளக்குகின்றன. மார்லினா ஃபெய்சோ முதலியோர் 2018-இல் மரபணு வழியாகவும், 2023-இல் ஓராகிலி முதலியோருடன் விரிவாகவும் காட்டியது, கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப். 15 என்னும் புரதத்தையே. அது தாயின் குருதியிற் கலந்து பின்மூளையைத் தாக்கும். கருவுறுமுன் அப்புரதம் குறைவாக உடையார்க்கே துன்பம் மிகும். குருதிநோயாகிய பீட்டா தலசீமியாவால் முன்னரே அதனை மிகுதியாக உடையார்க்குக் குமட்டல் அரிது. பழக்கமின்மையே நோயின் வேர் என்பது இதனாற் போதரும்.

முன்னைக் கருவில் இந்நோய் உற்றமை, தாய்க்கேனும் உடன்பிறந்தாட்கேனும் இருந்தமை, இரட்டைக் கரு, முத்துப்பிள்ளை எனப்படும் பழுதுற்ற கரு ஆகியன இந்நோய் வருதற்கு ஏதுவாவன. இவற்றுள் குடிவழிச் செய்தி வினவியன்றி அறியவாராது. தொழிற்சாலைகளை நாடி ஓசூரிற் குடியேறிய பெண்ணுக்குத் தாயும் தமக்கையும் அருகில் இல்லாமை கூடும். அவள் தாய்மொழியிலேயே, 'நின் அன்னை எவ்வாறு இருந்தாள்? பருகிய நீர் தங்குகின்றதா? சிறுநீர் குறைந்ததா?' என வினவுதல் வேண்டும். மூன்று மொழியிலும் சொல் உண்டு. அச்சொல்லோடு அமையாது நோயின் அளவை அறிதலே கடன்.

மண்ணுண்ணும் வேட்கையும் இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என இன்று அறிகின்றோம். ஆதலின் வயாவும் வாந்தியும் மனத்தின் குற்றமல்ல. உடலின் மொழியே எனத் துணியலாம்.