பத்து இராகங்கள்: ஓர் இசைத்தட்டின் இரு பிறப்பு

மோகனத்தை அறிந்த செவிக்கு, வடபுலத்தார் பூபாளி என வழங்கும் இராகம் அயலானது அன்று. நம் பூபாளம் வேறு. பெயரொப்புமை கண்டு மயங்கலாகாது. இந்தோளம் அவர்களிடத்து மால்கௌன்ஸ் ஆகும். நம் வலசி அவர்களுக்குக் கலாவதி. இவ்விராகங்கள் யாவும் ஒரே இசைத்தட்டில், மிருதங்கமோ தபலாவோ இன்றி, பொறியின் தாளத்திற்கு இசைந்து ஒலித்த ஆண்டு 1982.

இந்தியக் கிராமபோன் கம்பெனி எச்.எம்.வி. அடையாளத்துடன் வெளியிட்ட அத்தட்டின் பெயர், 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது. ஆக்கியவர் சரண்ஜித் சிங். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் மின்னொலிக் கருவிகளும் வாசித்து வாழ்ந்தவர் அவர். பாடல் நாடெங்கும் ஒலிக்க, வாசித்தவன் பெயர் மட்டும் எவர்க்கும் தெரியாதொழியும் தொழில் அது. தம் பெயரில் வந்த இத்தட்டும் அவருக்குப் புகழ் சேர்க்கவில்லை, விலைபோகாது மறைந்தது.

அவர் கையாண்ட கருவிகள் மூன்றும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தார் செய்தவை. டி.ஆர்.-808 தாளமிட்டது, ஜூப்பிட்டர்-8 இராகத்தைப் பாடியது, டி.பி.-303 அடியொலி தந்தது. இவற்றுள் 303-இன் கதை வியப்புக்குரியது. தனித்துப் பயிலும் கிதார்க் கலைஞனுக்குத் துணையாகுமெனச் செய்யப்பட்ட அச்சிறு பெட்டி, உண்மையான பேஸ் கிதாரைப் போல ஒலிக்கவில்லை. வாங்குவோர் குறைந்தமையால் 1984-இல் உற்பத்தி நின்றது. ஆயினும் ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் அமைப்பு அதற்கு உண்டு. கமகத்தில் ஊறிய இசைமரபினனுக்கு அதன் அருமை புலப்பட்டதில் வியப்பென்ன!

1987-இல் அமெரிக்கச் சிகாகோவில் பியூச்சர் என்னும் குழுவினர் அதே 303-ஐக் கொண்டு 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசையை வெளியிட்டனர். ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசைவகை அதனின்று தழைத்தது. சில ஒலிகளையே மீள மீள ஒலித்துச் சிறுகச் சிறுக மாற்றிச் செல்வது அதன் இயல்பு.

2002-இல் எடோ பௌமன் என்னும் டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சிங்கின் தட்டைத் தில்லியில் கண்டெடுத்தார். 2010-இல் தம் பாம்பே கனெக்ஷன் நிறுவனத்தின் வழி மறுபதிப்பாக வெளியிட்டார். மேலைநாட்டு இதழ்கள் வியந்தன. சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்னரே ஆசிட் ஹவுஸைப் படைத்தவர் இவரென எழுதின.

இப்பாராட்டு அளவு கடந்தது. சிகாகோ இளைஞர் சிங்கின் தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை; கேளாதார்க்கு அவர் முன்னோராதல் எங்ஙனம்? அன்றியும், பிறர் பின்னாளில் செய்ததற்கு முன்னோடியாயிற்று என்பதற்காகவே ஒரு படைப்பைப் போற்றுவது, அதனைப் பிறர் கோலால் அளப்பதேயாம். ஆதார சுருதி இடையறாது நிற்க, ஒரே சுரக்கூட்டத்தை மீண்டும் மீண்டும் சுற்றிவந்து விரிப்பது இராக ஆலாபனையில் நெடுங்காலமாக உள்ள முறை. சிங் அம்முறையைப் பொறிக்குள் புகுத்தினார். மோகனம் பயின்ற மாணவன் அவருடைய பூபாளியைக் கேட்பின், சிகாகோவை நினையாமலே அதன் அழகை உணர்வான்.

சிங் தாமும் பெருமை பேசினாரல்லர். அக்காலத் திரைப்படங்களில் டிஸ்கோ மலிந்திருந்தமையால், தபலாவை நீக்கி அத்தாளத்தில் இராகங்களை அமைத்துப் பார்த்ததாகவே பேட்டியில் கூறினார். மறுபதிப்பிற்குப் பின், எழுபதை ஒட்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளேறி அவ்விராகங்களை இளைஞர்முன் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.