ரிமோட்டைப் பிடித்த கையும் கண்ணும்

ரிமோட் காரைப் பிரித்து, உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒற்றைச் சிப் கணினியைப் பொருத்தி, அதை ரோபோவாக ஓடவிடும் வழக்கத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிப்பின் கதையைத்தான் சொல்கிறார்கள். கணினி மலிவானது, பொம்மைக்கு மூளை கிடைத்தது என்று அந்தக் கதை முடிந்துவிடுகிறது. இதில் பாதிதான் உண்மை. ரிமோட் பொம்மைக்கு மூளை முதலிலிருந்தே உண்டு. அது பொம்மைக்கு வெளியே, ரிமோட்டைப் பிடித்திருக்கும் பிள்ளையிடம் இருந்தது. சுவர் நெருங்குவதைக் கண்டது பிள்ளையின் கண். வண்டியைத் திருப்பியது பிள்ளையின் கட்டைவிரல். ஆகவே பொம்மையை ரோபோவாக்கியவர்களின் முதன்மையான வேலை அந்தப் பிள்ளையை விலக்குவது. விலக்கிய பிறகுதான் பிள்ளை செய்துவந்த வேலைகளில் எது மிகக் கடினம் என்பது தெரிந்தது. அது பார்ப்பது.

மூளை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி கம்பியில்லாமல் இயக்கும் முறையின் தொடக்கத்திலேயே இருந்தது. நிக்கோலா டெஸ்லா தன் ரேடியோ படகுக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அந்தப் படகு இயக்குபவரிடமிருந்து கடன் வாங்கிய அறிவில்தான் ஓடுகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். சொந்த அறிவுள்ள இயந்திரம் பின்னால் வரும் என்றும் நம்பினார். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பாடு என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி காட்டியது. நிலவில் ஓடும் வண்டியைப் பூமியிலிருந்து ஓட்ட முடியுமா என்று பார்க்க 1960களின் தொடக்கத்தில் செய்த, சைக்கிள் சக்கரம் மாட்டிய தொலைஇயக்க வண்டி அது. சைகை நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை நொடிக்கு மேல் ஆகும் என்பதால், ஓட்டுபவரின் கண் எப்போதும் பிந்தியே பார்த்தது. பிறகு அங்கே ஆய்வு செய்த ஹான்ஸ் மொராவெக் அதே வண்டியைக் கேமராவின் துணையோடு தானாக ஓடவைத்தார். 1979இல், நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையைக் கடக்க அதற்கு ஐந்து மணி நேரம் ஆனது. ரிமோட் கையில் இருந்தால் ஒரு சிறுவன் ஒரு நிமிடத்துக்குள் கடந்திருப்பான். அந்த ஐந்து மணி நேரத்தில் பெரும்பகுதி, எது எங்கே இருக்கிறது என்று படங்களிலிருந்து கணிப்பதிலேயே போயிற்று.

சிப் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு பொருள்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1940களின் கடைசியில் எல்மர், எல்ஸி என்ற இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். கணினி கிடையாது. இரண்டு வால்வுகள், ஓர் ஒளி உணரி, ஓடு எதிலாவது இடித்தால் மூடிக்கொள்ளும் ஒரு தொடுப்பு, இரண்டு மோட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அவை ஒளியைத் தேடிப் போயின, தடையைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தன. முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1979இல், மில்டன் பிராட்லி நிறுவனம் பிக் டிராக் என்ற ஆறு சக்கர வண்டியை விற்றது. அதற்குள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 1000 மைக்ரோகன்ட்ரோலர் இருந்தது. முதுகிலிருந்த பொத்தான்களை அழுத்தி 16 கட்டளைகள் வரை பதியலாம். தன் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பது அதற்குத் தெரியும். எதிரே நாற்காலிக் கால் இருப்பது தெரியாது. போய் முட்டும். சிப் இருந்த வண்டி குருடாக ஓடியது. சிப் இல்லாத ஆமை வழி கண்டுபிடித்தது.

அப்படியானால் பொம்மை தந்தது என்ன? உடல். வீட்டில் ரோபோ செய்ய நினைப்பவரை முதலில் தடுப்பவை மோட்டார், அதற்குப் பொருந்தும் பல்சக்கரப் பெட்டி, நேராக நிற்கும் அச்சு ஆகியவை. லட்சக்கணக்கில் அச்சில் வார்த்த பொம்மையில் இவை எல்லாம் ஏற்கெனவே பொருந்தி இருந்தன. மலிவான கார்கள் பலவற்றின் உள்ளே ஆர்எக்ஸ்-2 வகைச் சிப் ஒன்று இருக்கும். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் துடிப்புகளை எண்ணி, முன், பின், இடம், வலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிப்பின் உலோகக் கால்களில் ஒன்றில் மின்னழுத்தம் கொடுக்கும். அங்கிருந்து டிரான்சிஸ்டர்களுக்குக் கம்பி போகும். மோட்டாரில் பாயும் மின்சாரத்தின் திசையை மாற்றுபவை அவைதான். அந்த நான்கு கால்களை வெட்டிவிட்டு மைக்ரோகன்ட்ரோலரின் கால்களைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. ரேடியோ இருந்த இடத்தில் புரோகிராம் வந்துவிடும். பொம்மைச் சுற்று இவ்வளவு இணக்கமாக அமைந்ததை நான் பெரிய கொடையாகவே கருதுகிறேன். ஆனால் அதே உடலில் பிள்ளைக்காகச் செய்த குணங்களும் இருந்தன. கார் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. உணரி தடையைச் சொல்லி முடிப்பதற்குள் இடித்துவிடும். மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைத்தால் மோட்டார் திணறி நின்றுபோகும். மலிவான காரின் திருப்பம் முழு இடம், முழு வலம் இரண்டுதான். பழகியவர்கள் காரைவிட டாங்கியையும் புல்டோசரையும் விரும்பியதற்குக் காரணம் இது: அவை மெதுவாகப் போகும், நின்ற இடத்திலேயே திரும்பும்.

சிப்பின் பங்கைக் குறைப்பது என் நோக்கமன்று; அதன் பங்கு எது என்று சரியாகச் சொல்ல வேண்டும். சுவர் எவ்வளவு தூரத்தில் வந்தால் திரும்புவது, எவ்வளவு வெளிச்சம் அதிகம் என்ற அளவுகளை ஏட்டில் கணக்கிட முடியாது. அறைக்கு அறை மாறும். ஓடவிட்டு, இடித்து, மாற்றி எழுதி, மீண்டும் ஓடவிட வேண்டும். பழைய சிப்புகளில் புரோகிராமை அழிக்கப் புறஊதா விளக்கின் அடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். 1992இல் பேரலாக்ஸ் நிறுவனத்தின் பேசிக் ஸ்டாம்ப் என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையும், 1993இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16சி84 மைக்ரோகன்ட்ரோலரும் அந்தக் காத்திருப்பை ஒழித்தன. மின்சாரத்தாலேயே நொடிகளில் அழித்து எழுதலாம். கணக்கிடும் திறத்தில் இரண்டுமே எளியவை. வழக்கம் பரவ உதவியது திருத்தி எழுதும் வசதி.

பொம்மையின் இயந்திரம் மட்டமானது, தயார்நிலைக் கிட்டுகள் வந்த பிறகு இந்த வழக்கத்துக்கு மதிப்பில்லை என்பவர்களும் உண்டு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை பிறந்தபின் சக்கரமும் சட்டமும் தனியாகவே மலிவாகக் கிடைக்கின்றன; நேர்த்தியாக ஓடும் வண்டி மட்டும் வேண்டுமென்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் பொம்மையை மாற்றுவதில் இன்னொரு பயன் இருந்தது: யாருக்காகவோ செய்த பொருளின் நோக்கத்தையே மாற்றலாம். கலைஞரும் பொறியாளருமான நட்டாலி ஜெரமிஜென்கோ 2000களின் தொடக்கத்தில் கடைகளில் விற்ற ரோபோ நாய்ப் பொம்மைகளை மாணவர்களோடு சேர்ந்து பிரித்தார். கரடுமுரடான தரையில் போகும்படி கால்களை மாற்றி, மூக்கில் காற்றிலுள்ள நச்சு வேதிப்பொருள்களை அறியும் உணரிகளை வைத்து, மாசுபட்ட நிலங்களில் கூட்டமாக அவிழ்த்துவிட்டார். நச்சு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நாய்கள் நகர்ந்தன. குரைத்து வாலாட்டுவதற்காக விற்கப்பட்ட பொம்மை, அந்த நிலத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மாசு எங்கே குவிந்திருக்கிறது என்று நடந்து காட்டியது.